எஸ்பிஎஸ்எஸ்ஸா, ஸ்டாட்டாவா, ஆரா? புதிய பருவத்துக்கு ஆய்வகத்தில் எதை ஏற்றுவது

சமூக அறிவியல் புலத்தில் புதிய பருவம் தொடங்கும்போது, அளவுசார் ஆய்வுமுறைத் தாளுக்கு எந்தப் புள்ளியியல் மென்பொருள் என்ற கேள்வி தவறாமல் எழும். பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடும். எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கும் ஸ்டாட்டாவுக்கும் உரிமம் வாங்க வேண்டும், ஆர் இலவசம். அது ஒரு நிமிட விஷயம். சரியாகக் கொடுத்தால் மூன்றும் ஒரே சராசரியைத்தான் தரும். மாணவர் தவறு செய்யும்போது எது சத்தம் போடுகிறது, எது வாயை மூடிக்கொண்டு ஒரு விடையைக் கொடுத்துவிடுகிறது என்பதைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

எஸ்பிஎஸ்எஸ் 1968இல் ஸ்டான்ஃபோர்டில் சமூக அறிவியலுக்கென்றே எழுதப்பட்டது. 2009 முதல் ஐபிஎம் வசம். வினாத்தாளோடு இதைப்போல் ஒட்டிப்போகும் கருவி வேறில்லை. ஒரு மாறிக்கு (வயது, வருமானம் போல ஒரு கேள்வியின் விடை) ஒரு வரி, அதிலேயே கேள்வியின் முழு வாசகம், 1 என்றால் ஆண், 2 என்றால் பெண் என்ற குறியீட்டு விளக்கம், விடுபட்ட மதிப்புகள் எல்லாம். முதல் வகுப்பிலேயே குறுக்கு அட்டவணை போட்டுவிடலாம். சிக்கல் அந்த விடுபட்ட மதிப்புக் கட்டத்திலேயே இருக்கிறது. வயது சொல்லாதவருக்கு 999 என்று பதிந்துவிட்டு, அதை விடுபட்டதாக அறிவிக்க மறந்தால் மென்பொருள் முணுமுணுக்கக்கூட செய்யாது. 200 பேரில் 4 பேருக்கு 999 இருந்து, மற்ற 196 பேரின் சராசரி வயது 35 என்றால், வெளிவரும் சராசரி 54.28. வயது என்பதால் கண்ணில் படும். வருமானத்தில் 9999 ஒளிந்திருந்தால் படாது.

இன்னொன்று, மதிப்புகளை மாற்றி எழுதும்போது அதே மாறியின் மேலேயே எழுதுவது. 1 முதல் 5 வரையான ஒரு மனப்பான்மைக் கூற்றைத் தலைகீழாக்கும் கட்டளை தெரியாமல் இரண்டு முறை ஓடினால், கூற்று பழைய நிலைக்கே திரும்பிவிடும். அளவுகோலின் நம்பகக் கெழு (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) சரியும், காரணம் மட்டும் புலப்படாது. எப்போதும் புதிய மாறிக்குள் எழுத வேண்டும். மெனுவில் ‘ஓகே’க்குப் பதில் ‘பேஸ்ட்’ அழுத்திக் கட்டளைக் கோப்பை வளர்க்க வேண்டும். அந்தக் கோப்பு இல்லாத ஒப்படைப்பை வாங்குவதில்லை என்று முதல் வாரமே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்டாட்டா 1985இல் வந்தது. ஒரு செயலுக்கு ஒரு வரி, எல்லாம் டூ-கோப்பு என்ற கட்டளைக் கோப்பில். கட்டளை எழுதும் பழக்கத்தை நோகாமல் கற்பிக்க இதுவே மூன்றில் சிறந்தது. ஆனால் இது வைக்கும் பொறி கொஞ்சம் வில்லங்கமானது: விடுபட்ட மதிப்பை இது எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கருதும். வருமானம் 50,000க்கு மேல் உள்ளவர்களைப் பிரித்தால், வருமானமே சொல்லாதவர்களும் பணக்காரர் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். விடுபடாதவர் என்ற நிபந்தனையையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். இரண்டு கோப்புகளை இணைக்கும்போது ‘பல-பல’ இணைப்பை (இரண்டிலும் ஒரே அடையாள எண் பலமுறை வரலாம் என்பது) தொடவே கூடாது. குடும்பக் கோப்பும் உறுப்பினர் கோப்பும் தப்பாக ஜோடி சேரும், பிழைச் செய்தியும் வராது. உரிமம் வாங்குமுன் பதிப்பையும் பாருங்கள்: அடிப்படைப் பதிப்பு 2,048 மாறிகள் வரைதான் தாங்கும். அதற்கு மேற்பட்ட மாறிகள் கொண்ட கணக்கெடுப்புக் கோப்பு அதில் முழுதாகத் திறக்காது. வேண்டிய மாறிகளை மட்டும் பெயர் சொல்லித் திறக்கலாம்.

ஆர் இதற்கு நேர் எதிர். ஒரே ஒரு விடை விடுபட்டிருந்தாலும் சராசரி தர மறுத்து, விடுபட்டது என்று பதில் சொல்லும். மாணவர்கள் எரிச்சலடைவார்கள், ஆசிரியருக்கு அதுதான் வரம். இதற்கும் ஊமைப் பிழைகள் உண்டு. 2001, 2011 என்று ஆண்டுகளாகத் தெரியும் வகைமாறியை (எண்ணாக இல்லாமல் வகைப் பெயராகச் சேமித்த மாறி) நேரடியாக எண்ணாக்கினால் 1, 2 என்ற வரிசை எண்கள்தான் வரும்; முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் கோப்பை ‘ஹேவன்’ தொகுப்பால் (தொகுப்பு என்பது ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவி) திறக்கும்போது ‘தெரியாது’, ‘சொல்ல மறுத்தார்’, ‘பொருந்தாது’ என்று விடுபட்டதாக அறிவித்த மூன்றும் ஒரே விடுபட்ட மதிப்பாகக் கரைந்துவிடும். மறுப்பையே ஆராய்பவர் அவற்றைத் தக்கவைக்கும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். ஸ்டாட்டாவில் இதற்கென்றே 26 துணைக்குறிகள் உண்டு.

ஆரில் நேரத்தைத் தின்பது புள்ளியியல் அல்ல, நிறுவுதல். தொகுப்பை ஒருமுறை நிறுவுவதும் ஒவ்வொரு முறையும் அழைப்பதும் வேறு என்பது பிடிபடவே ஒரு வாரம் போகும். முதலில் ஆர், பிறகு அதை இயக்கும் முகப்பான ஆர்ஸ்டுடியோ, பிறகு தொகுப்புகள் என்ற வரிசையில் வகுப்பு தொடங்குமுன்பே எல்லா மடிக்கணினிகளிலும் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் துறையின் சர்வரில் உலாவி வழியே ஓட்டுவது மேல்.

மூன்றும் உண்மையில் பிரிகிற இடம் கூறெடுப்பு எடை, அதாவது கூறில் வந்த ஒவ்வொருவரின் விடைக்கும் எவ்வளவு கனம் தருவது என்ற எண். எஸ்பிஎஸ்எஸ்ஸின் ‘வெயிட் கேசஸ்’ எடையை ஆள் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ளும். டிஹெச்எஸ் என்ற மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்புகளில் எடை முழு எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 10 லட்சத்தால் வகுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். வகுக்காமல் கொடுத்தால் 10,000 பேரின் கோப்பு 1,000 கோடிப் பேராக வீங்கும், எல்லா உறவுகளும் ‘முக்கியத்துவம் உள்ளவை’ ஆகிவிடும். வகுத்தாலும் கொத்தும் (ஊர் போல ஒன்றாகத் தேர்ந்த குழு) அடுக்கும் (நகரம், கிராமம் போன்ற பிரிவு) கணக்கில் வராததால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்ற அளவு) தப்பாகவே இருக்கும், பெரும்பாலும் சிறியதாக. அதற்கு ‘காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ்’ என்ற தனிக் கூறு தேவை. உங்கள் உரிமத்தில் அது அடக்கமா என்று கேளுங்கள். ஆரின் சாதாரணத் தொடர்புப்போக்குக் கட்டளையில் உள்ள எடையும் கூறெடுப்பு எடை அல்ல. ‘சர்வே’ தொகுப்பில் வடிவமைப்பை அறிவித்த பிறகே நம்பலாம். ஸ்டாட்டாவில் கொத்து, அடுக்கு, எடை மூன்றையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், பிறகு ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு முன்னொட்டு போதும். இந்த ஒரு விஷயத்தில் ஸ்டாட்டாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இளங்கலையில் ஒரே பருவம், ஓர் ஆசிரியருக்கு 60 பேர் என்றால் எஸ்பிஎஸ்எஸ், கட்டளைக் கோப்பு கட்டாயம் என்ற நிபந்தனையோடு. பணம் இல்லையென்றால் ஜமோவி. அது ஆரின் மேல் ஓடும் இலவச மென்பொருள், மெனுவும் உண்டு. முதுகலையில் இரண்டு பருவம் கிடைத்தால் ஆர். மக்கள்தொகையியலும் வளர்ச்சிப் பொருளியலும் மேலோங்கி, நெறியாளர்களும் ஸ்டாட்டாக்காரர்கள் என்றால் ஸ்டாட்டா. ஒரே பருவத்தில் இரண்டை ஏற்றினால் மாணவர் இரண்டின் மெனுவையும் மனப்பாடம் செய்வார், விடுபட்ட மதிப்பை இரண்டிலும் கோட்டைவிடுவார்.

உரிமம் வாங்குகிற புலம் கையெழுத்திடுமுன் காலாவதித் தேதியை ஆய்வேட்டுச் சமர்ப்பிப்புத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆண்டு உரிமம் கல்வியாண்டின் நடுவில் முடிகிறதென்றால், திருத்தம் கேட்கப்பட்ட மாணவர் தன் சொந்த அட்டவணையை மறுபடி ஓட்ட முடியாமல் நிற்பார்.