வட்ட நாப்பா, ஸ்டார் நாப்பா?

வீட்டில் சின்னதாகத் தச்சு வேலை செய்கிறவர்களிடம் இரண்டு பொருள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று, தூக்கிப் போட மனம் வராத மரத்துண்டுகள். இன்னொன்று, ஒரு நாப் (போல்ட்டைக் கையாலேயே திருகி இறுக்க உதவும் பிடி) மட்டும் கிடைத்தால் முடிந்துவிடும் என்று நிற்கிற ஜிக்குகள், அதாவது வெட்டவும் துளைக்கவும் வழிகாட்டும் துணைச் சாதனங்கள். கட்டையை ஒரே நீளத்துக்கு வெட்ட உதவும் ஸ்டாப்புக்கு ஒரு நாப், டிரில் ஸ்டாண்டில் மரத்தை அண்டக் கொடுக்கும் ஃபென்ஸுக்கு இரண்டு என்று தேவை முடிவதே இல்லை. துண்டுகளிலிருந்தே நாப் செய்துகொள்வது என்று முடிவெடுத்தபின் எனக்கு இரண்டு வழி இருந்தது: டிரில்லில் மாட்டும் கிண்ண வடிவ ரம்பமான ஹோல்-சாவில் வட்டமாக வெட்டி எடுப்பது, அல்லது ஒரு பலகையில் எளிய ஜிக் செய்து ஆறு இதழ் ஸ்டார் நாப்பாகத் துளைத்து எடுப்பது. இரண்டையும் செய்து, ஒரே பட்டறையில் புழங்கிப் பார்த்துவிட்டு நான் ஸ்டார் பக்கம் வந்துவிட்டேன்.

கடையில் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே பித்தளை மரை வைத்த பேக்கலைட் நாப் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது, நன்றாகவே பிடிக்கும். சிமெண்ட் தரையில் விழுந்தால் ஓரம் தெறிக்கும். அவசரத்துக்கு அதை வாங்குவதில் தவறே இல்லை. கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்குவது இன்னொரு வழி. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசல்காரர் கையில் வரும் வழவழப்பு நம் உப்புத்தாளில் வராது. ஆனால் கடைசலுக்குப் பொதுவாகப் பிடித்துச் சுழற்றத் தோதான நீளச் சட்டம் வேண்டும். நம்மிடம் கிடப்பதோ உள்ளங்கை அகலத் துண்டுகள். அதனால் போட்டி வட்டத்துக்கும் ஸ்டாருக்கும்தான்.

வட்டத்தின் பெரிய பலம் வேகம். ஹோல்-சாவை மாட்டி, பாதி ஆழம் ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும் வெட்டினால் வட்டு தனியாக வந்துவிடும். நடுவில், ஹோல்-சாவுக்கு வழிகாட்டும் பைலட் பிட் போட்ட துளை தயாராக இருக்கும். அதில் ஒரு எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டை நுழைத்து நட்டுப் போட்டு இறுக்கி, போல்ட்டின் வாலை டிரில் மிஷினில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளைக் காட்டினால், ஹோல்-சா கருக்கிவிட்ட ஓரமெல்லாம் சுத்தமாகிவிடும். ஏழை வீட்டு லேத் இதுதான். பக்கவாட்டில் ரொம்ப அழுத்தக் கூடாது, அவ்வளவுதான். டிரில்லின் பேரிங் நேராக அழுத்துவதற்குச் செய்தது, பக்கத்தில் தள்ளுவதைத் தாங்க அல்ல.

பலவீனமும் அந்த நடுத்துளையில்தான் தொடங்குகிறது. பைலட் பிட் பெரும்பாலும் 6 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். எம்6-க்கு அது பொருத்தம். எம்8 வேண்டுமென்றால் இருக்கிற துளையைப் பெரிதாக்க வேண்டும். கையால் பிடித்துப் பெரிதாக்கும்போது பிட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், நாப் திருகும்போது ஆட்டம் காட்டும். போட்ட அளவைவிட வட்டு சில மி.மீ. சிறிதாகவே வரும் என்பதும் கணக்கில் இருக்கட்டும், பல்லின் தடிமன் இரு பக்கமும் போய்விடுகிறதல்லவா. இதையெல்லாம் சரிசெய்துகொண்டாலும் ஒன்று மிச்சம். மரத்தூள் படிந்த கையோ வியர்த்த கையோ வழவழப்பான வட்டத்தில் வழுக்கும். வழுக்கினால் அடுத்து பிளையர் வரும். பிளையர் கடித்த மர நாப் ரொம்ப நாள் தாங்காது.

இனி ஸ்டார் நாப்புக்கான ஜிக். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம், இதில் டிகிரி அளக்கிற வேலையே இல்லை என்பது. வட்டத்தின் ஆரத்தையே காம்பஸில் வைத்து அதன் சுற்றளவில் அடி வைத்தால் சரியாக ஆறு அடியில் தொடங்கிய இடத்துக்கு வரும் என்று பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்த்திருப்போம். ஜிக் முழுக்க அந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது. ஒரு பிளைவுட் பலகையில் பக்கம் 30 மி.மீ. உள்ள சமபக்க முக்கோணம் ஒன்று வரையுங்கள். ஒரு முனையில் எம்8 போல்ட்டைக் கீழிருந்து மேலே நிற்கிற மாதிரி பொருத்துங்கள். அதுதான் அச்சு. இரண்டாவது முனையில் 20 மி.மீ. துளை போடுங்கள். மூன்றாவது முனை டிரில் பிட்டுக்கு நேர் கீழே வருகிற மாதிரி பலகையை டிரில் ஸ்டாண்டில் கிளாம்ப் பண்ணுங்கள். கூடவே 20 மி.மீ. துளையில் ஆட்டமில்லாமல் இறங்குகிற ஓர் உருளைக் கட்டை வேண்டும். பழைய மாப்புக் கம்பைத் தேய்த்தாலே போதும். இதை முளை என்று வைத்துக்கொள்வோம்.

நாப்புக்கான துண்டு 90 மி.மீ. சதுரம். நடுவில் 8 மி.மீ. துளை (அதற்கு முன்பே போடவேண்டிய போல்ட் தலைக் குழியைப் பின்னால் சொல்கிறேன்). அதை அச்சில் மாட்டி, கிளாம்ப் போட்டு, அடி தட்டையாகத் துளைக்கும் 20 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் முதல் துளையைப் போடுங்கள். துண்டை அச்சிலேயே சுற்றி, அந்தத் துளை பலகைத் துளைக்கு மேலே வந்ததும் முளையை மேலிருந்து இறக்குங்கள். இப்போது துண்டு அச்சிலும் முளையிலும் மாட்டிக்கொண்டு நிற்கிறது, சுழல வழியே இல்லை. அடுத்த துளை. முளையை உருவி, துண்டைச் சுற்றி, மறுபடி இறக்கி, அடுத்தது. ஆறு துளையும் முடிந்தால், பக்கத்துத் துளைகளின் மையத்தை மையத்தோடு இணைக்கிற ஆறு நேர்கோடு போட்டுக் கைரம்பத்தாலேயே வெட்டிவிடலாம். ஜிக்-சா கூட வேண்டாம். ஒவ்வொரு வெட்டிலும் அறுபடுவது 10 மி.மீ. அகல இதழ் மட்டுமே, மீதி வெறும் துளை. அப்புறம் அரமும் உப்புத்தாளும். பள்ளங்களின் விளிம்பை மட்டும் பொறுமையாக உருட்டுங்கள், விரல் உட்காருகிற இடம் அது.

முளையின் இடத்தில் மட்டும் கவனம் தேவை. அது அரை டிகிரி தள்ளிப்போனால் அந்தப் பிழை ஐந்து முறை சேர்ந்து, கடைசி இடைவெளி மற்றவற்றைவிட மூன்று டிகிரி குறையும். 30 மி.மீ. ஆரத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை மி.மீ., கண்ணுக்கே தெரியும். அதனால் வீணாய்ப்போகிற பிளைவுட் துண்டு ஒன்றில் ஆறு துளை போட்டு, கடைசி இதழின் அகலத்தைப் பார்த்துவிட்டு நல்ல மரத்தைத் தொடுங்கள்.

மரம் என்றதும் இன்னொன்று. தேக்கு, வேங்கை மாதிரி ஒற்றை மரமாக இருந்தால் நார் ஓடும் திசையைப் பாருங்கள். நாருக்குக் குறுக்கே நீண்டு நிற்கிற இதழ்தான் முதலில் உடையும், ஏனென்றால் அதன் அடியில் நார் குறுக்காக ஓடுகிறது, பிளவு அந்த வழியே போய்விடும். நடுத்துளை வழியாக நாருக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, முதல் துளையின் மையம் அந்தக் கோட்டில் வருகிற மாதிரி வையுங்கள். அப்போது நாருக்கு நேர் குறுக்கான இடத்தில் பள்ளம் வரும், இதழ் வராது. இரண்டு இதழ் நாரோடு ஓடும், மீதி நான்கும் சாய்வாக நிற்கும். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருக்கின்றன.

இதுவரை சொன்னதை வைத்து ஸ்டார்தான் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் பட்டறையில் நாளாக ஆக நாப் வாழ்வதும் சாவதும் போல்ட்டின் தலை உட்காரும் குழியால்தான். ஒன்றைக் கவனியுங்கள். வட்ட நாப்பில் கை வழுக்கிவிடுவதால் போல்ட்டின் பிடி முழுசாகச் சோதிக்கப்படுவதே இல்லை. ஸ்டாரில் கை வழுக்காது, கையின் முழு வலுவும் நேராகப் போல்ட் தலையில் போய் இறங்கும். குழி சரியில்லையென்றால் நாப் மட்டும் சுற்றும், போல்ட் அப்படியே நிற்கும். எனவே ஸ்டார் செய்கிறவர் குழிக்குத்தான் பாதி நேரம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வருடக்கணக்கில் அதைத் தொடவே வேண்டாம்.

எம்8 போல்ட்டின் அறுகோணத் தலை பக்கத்துக்குப் பக்கம் 13 மி.மீ., முனைக்கு முனை ஏறக்குறைய 15 மி.மீ. குழியை 13-இல் போட்டால் முனைகள் அதிகம் கடித்துத் தேக்கைப் பிளக்கும். 15-இல் போட்டால் கடிக்கவே கடிக்காது. நான் போடுவது 14. இந்தக் குழியை முதலில் போட்டுவிட்டு, ஃபோர்ஸ்ட்னரின் நடுமுனை விட்ட புள்ளியில் 8 மி.மீ. துளையைப் போடுங்கள். வரிசை மாறினால் ஃபோர்ஸ்ட்னருக்கு நடுவில் பிடிக்க மரம் இருக்காது. ஆழம் 8 மி.மீ. இருந்தால் தலை இறங்கி, மேலே மூடி ஒட்டவும் இடம் மிஞ்சும். போல்ட்டைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். மறுபக்கம் பெரிய வாஷரும் நட்டும் போட்டு ஸ்பேனரால் இழுத்தால் தலை மெதுவாக உள்ளே வரும், ஆறு முனையும் மரத்தில் தாரை போட்டுக்கொண்டு உட்காரும்.

இழுப்பதற்கு முன் அரால்டைட் எப்பாக்ஸிப் பசை. ஃபெவிகால் மரத்துக்கு அருமையானது, உலோகத்தை அது பிடிக்காது. தலையில் இருக்கிற எண்ணெயைத் தின்னரில் துடைத்து, எமரித்தாளால் கீறிவிட்டு ஒட்டுங்கள். முனைகள் கடித்த பிறகு பசை எதற்கு என்று கேட்கலாம். மரம் மழைக்காலத்தில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அந்த அசைவு நாருக்குக் குறுக்கேதான், நீளவாட்டில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் வட்டமாகப் போட்ட குழி பருவத்துக்குப் பருவம் துளி நீள்வட்டமாகும், ஆறில் சில முனைகள் பிடி தளரும். இடைவெளியை நிரப்பி நிற்கிற பசை அங்கேதான் கைகொடுக்கிறது. தேக்கு அதிகம் அசையாத மரம் என்பதால் இந்த விஷயத்தில் நல்ல தேர்வு. 18 மி.மீ. பிளைவுட் இன்னும் அமைதியானது. பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 303 முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். தரத் துண்டு கிடந்தால் விடாதீர்கள், ஈரத்தைத் தாங்கும் பசையில் ஒட்டியது அது.

விசை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நாப்பைத் திருகும்போது கீழே இருக்கிற நட்டு போல்ட்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்றால், தலை குழியின் அடியில் மேலும் அழுந்தும், நமக்குச் சாதகம். போல்ட்டின் நுனி எதையாவது முட்டி நிறுத்துகிற வேலை என்றால் கதை தலைகீழ். திருகத் திருகத் தலை குழியை விட்டு மேலே கிளம்பப் பார்க்கும். இந்த மாதிரி இடத்தில் நாப்பின் அடிப்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கி அப்படியே விட்டுவிடுங்கள். போல்ட்டுக்குப் பதில் நட்டைப் பதிக்கும்போதும் இதே நியாயம்தான், நட்டு மேல்முகத்தில் இருக்க வேண்டும். சோபாக் கால்களுக்குப் போடுகிற டீ-நட் பிளைவுட்டில் நன்றாகப் பிடிக்கிறது. கெட்டித் தேக்கில் அதன் பற்கள் மரத்தைப் பிளந்துவிடும், அங்கே சாதாரண அறுகோண நட்டே மேல்.

ஸ்டாருக்குக் குறை இல்லாமல் இல்லை. 52 மி.மீ. நாப்புக்கு 90 மி.மீ. சதுரம் போகிறது, துண்டு மரம் என்பதால்தான் மனம் ஒப்புகிறது. டிரில் ஸ்டாண்டு கட்டாயம். வெறும் கையில் 20 மி.மீ. ஃபோர்ஸ்ட்னரைப் பிடிப்பது ஆபத்து, ஸ்டாண்டிலும் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். ஸ்டாண்டு இல்லாதவருக்கு இன்றைக்கு வட்டம்தான் வழி. வட்டின் ஓரத்தில் அரத்தால் சில வெட்டுப் போட்டுக்கொண்டால் வழுக்கல் ஓரளவு குறையும். எம்10-க்கு மேல் நான் செய்து பார்த்ததில்லை, அந்த அளவில் மரம் போதுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். எம்6-க்குச் செய்திருக்கிறேன். முக்கோணத்தின் பக்கத்தை 20 மி.மீ. ஆக்கி, பிட்டும் முளையும் 13 மி.மீ., தலைக்கான குழி 11 மி.மீ. இதழ் 7 மி.மீ. அகலம் வரும், பிளைவுட்டில் அது போதுமானது.

இழுப்பறைக்கும் அலமாரிக் கதவுக்கும் மட்டும் இன்னும் வட்டம்தான் செய்கிறேன். அங்கே திருகுவது கிடையாது, இழுப்பது மட்டுமே. வட்டை டிரில்லில் சுழலவிட்டுப் பின்பக்கம் கழுத்து மாதிரி கொஞ்சம் ஒடுக்கிவிட்டால் விரல் பிடிக்க இடம் கிடைக்கும். உள்ளிருந்து ஒரு திருகு போட்டால் வேலை முடிந்தது.