பழைய காரை எலெக்ட்ரிக் ஆக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இப்போது இதே பேச்சுதான். ஷெட்டில் தூசி படிந்து நிற்கும் அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 எல்லாவற்றிலும் இன்ஜினை இறக்கிவிட்டு மோட்டார் ஏற்றி ஓட்ட வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசை, எனக்கு அது இன்னும் போகவில்லை. ஆனால் அதை வைத்துக் காசு பார்க்கிற பட்டறைகளும் கிளம்பிவிட்டன. அப்படி ஓரிடத்தில் அப்பச்சியின் மாருதி ஜென்னைக் கொடுத்து 2.75 லட்சம் ரூபாயை இழந்து நிற்கிறோம்.

லித்தியம் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர், "ஆர்சி வேலையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ணே" என்றார்கள். வந்த வண்டி பின்பக்கம் அமுங்கியே நின்றது. தேவகோட்டை போய்விட்டுக் காரைக்குடி திரும்புவதற்குள் வழியிலேயே படுத்துவிட்டது.

சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொந்தக்காரர் ஒருவர் டிக்கியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே லித்தியம் ஸ்டிக்கர். உள்ளே வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற மாதிரி லெட் ஆசிட் பேட்டரி ஆறு, ஒவ்வொன்றும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் (Ah). சொந்தக்காரரே கணக்கும் போட்டுக் காட்டினார். மொத்தம் 7.2 யூனிட் கரண்ட். லெட் ஆசிட்டில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், ஆக கையில் இருப்பது 3.6 யூனிட். சின்னக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 யூனிட் தின்னும். அப்படியானால் 30 கிலோமீட்டர்தான். அவர்கள் சொன்ன 120 ஓட 14 யூனிட்டுக்கு மேல் வேண்டும். எடையோ ஆறும் சேர்ந்து 180 கிலோ பக்கம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இதில் பாதிகூட வராது.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் பிரேக் விஷயத்தில்தான். பெட்ரோல் இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான், லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் பலம். இன்ஜினை எடுத்தால் அதுவும் போய்விடும், பதிலுக்குக் கரண்டில் ஓடும் வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும். இவர்கள் வைக்கவே இல்லை. பெடல் கல் மாதிரி இருந்தது. அதே டிக்கியில் 180 கிலோ பாரம் வேறு. எழுபது வயது தாண்டிய அப்பச்சி அந்த வண்டியைக் குன்றக்குடி வரை ஓட்டிப்போயிருக்கிறார். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் காகிதம். காரை எலெக்ட்ரிக் ஆக்கும் கிட் ஒவ்வொன்றும் புனேயில் உள்ள அராய், மானேசரில் உள்ள ஐகேட் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பில், இப்படி மாற்றும் வண்டிகளுக்கான ஏஐஎஸ் 123 விதிப்படி தேற வேண்டும். எந்த வண்டிக்குத் தேறியதோ அந்த வண்டிக்குத்தான் அது செல்லும். எங்களிடம் காட்டிய சான்றிதழ் நகலை நிதானமாகப் படித்தால் அது ஆட்டோவுக்கானது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி மாற்றத்தை ஆர்டிஓ ஆர்சியில் ஏற்ற வேண்டும். அது இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடலாம். 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போனாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆகவே முன்பணம் நீட்டுவதற்கு முன் உங்கள் மாடலின் பெயர் போட்ட சான்றிதழைக் கேளுங்கள். ஏற்கெனவே அவர்கள் மாற்றிக் கொடுத்த காரின் ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி வகை, யூனிட், பிரேக் பம்ப் மூன்றும் பில்லில் எழுத்தாக வர வேண்டும்.

நாங்கள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுகிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டும் வழி கேட்கலாம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பெட்டியைத் திறக்கும் முன் போட்டோ எடுத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.