பாலோமினோவுக்குள் பேர்ல் ஒளிந்திருக்காது: ஒரு குதிரை விற்பனை குறித்த எச்சரிக்கை

இணையக் குதிரை வளர்ப்பு விளையாட்டுகளில் அரிய நிறங்களுக்காகப் பணம் செலவிடுவோர், "பேர்ல் மரபணுவைச் சுமக்கும் பாலோமினோ பெண்குதிரை" என்ற விளம்பரத்தைக் கண்டால் வாங்க வேண்டாம். நிஜக் குதிரைகளின் மரபியலைப் பின்பற்றும் எந்த விளையாட்டிலும் அப்படியொரு குதிரை பிறக்க வழியில்லை. கிரீமும் பேர்லும் குதிரையின் நிறத்தை வெளிறச் செய்யும் மரபணு வடிவங்கள்; ஒற்றைக் கிரீமால் பொன்னிறமான செம்பழுப்புக் குதிரையே பாலோமினோ.

எனக்கு விற்கப்பட்டது லுசிட்டானோ இனப் பெண்குதிரை. விளம்பரத்தில் வெளிறிய தோலும் வெளிர்நிறக் கண்களும் கொண்ட தந்தையின் படத்தைப் போட்டு, "தந்தையிடம் பேர்ல் உண்டு, மகளிடமும் உறுதி" என்று எழுதியிருந்தார்கள். தாய் சாதாரணச் செம்பழுப்பு. விலையோ மற்றப் பாலோமினோக்களைப் போலப் பல மடங்கு. உரிமையாளர் மட்டுமே மரபணுச் சோதனை செய்ய முடியும் என்பது அங்குள்ள விதி. முன்கூட்டியே சோதித்துக் காட்டும்படி கேட்டதற்கு, வம்சாவளியே போதும் என்றும், பேர்ல் இல்லையென்றால் நாணயங்களைத் திருப்பித் தருவதாகவும் விற்பனையாளர் எழுத்தில் உறுதியளித்தார்.

வாங்கியதும் சோதித்தேன். கிரீம் ஒன்று, பேர்ல் இல்லை என்று முடிவு வந்தது. வேறு முடிவு வரவும் முடியாது. கிரீம், பேர்ல் இரண்டும் எஸ்எல்சி45ஏ2 என்ற ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் என்பதால், ஒரு பெற்றோரிடமிருந்து குட்டிக்கு இரண்டில் ஒன்றுதான் வரும். பேர்ல் ஒடுங்கு பண்பு. செம்பழுப்புக் குதிரையில் ஒற்றைப் பேர்ல் வெளியே தெரியாது, இரண்டு சேர்ந்தால்தான் உடலும் பிடரியும் வெளிறிய ஆப்ரிகாட் நிறமாகும். ஆனால் ஒரு கிரீமும் ஒரு பேர்லும் சந்தித்தால் குதிரை, இரட்டைக் கிரீம் கொண்ட கிரெமெல்லோவைப் போல வெளுத்துவிடும். ஆகவே பாலோமினோவாக, பொன்னிற உடலோடு ஒரு குதிரை நின்றாலே அதனிடம் பேர்ல் இல்லை என்று பொருள்.

இதைச் சொல்லி நாணயங்களைக் கேட்டபோது, "சோதனையை நம்பாதீர்கள் நண்பரே, உங்கள் பேர்ல் ஆண்குதிரையோடு இணைத்துப் பாருங்கள்" என்று பதில் வந்தது. குட்டி வெளுத்தே பிறந்தது. அதையே அவர் சான்றாகக் காட்டினார். என் ஆண்குதிரையிடம் இரண்டு பேர்ல் இருப்பதால் குட்டிக்கு அதிலிருந்து ஒரு பேர்ல் நிச்சயம், தாயிடமிருந்து கிரீம் வந்ததால் அது வெளுத்தது, அவ்வளவே. தாயிடம் கிரீமுக்குப் பதிலாகப் பேர்ல் இருந்திருந்தால் இந்த வெளுப்பே வந்திராது. இந்த விவாதம் முடிவதற்குள் விற்பனையை ரத்துசெய்வதற்கான கெடு கடந்துவிட்டது. அதற்காகத்தான் இழுத்தடித்தார் என்பது என் கணிப்பு. அதன்பின் அவரிடமிருந்து பதிலே இல்லை.

வாங்குவோர் தந்தையின் படத்தையோ வம்சாவளியையோ ஏற்காமல், விற்கப்படும் குதிரையின் சோதனைப் பக்கத்தையே கேட்டு வாங்குங்கள். அந்தத் தந்தையிடம் பேர்ல் இருப்பது என்னவோ உண்மைதான்: இரட்டைக் கிரீமாக இருந்திருந்தால் அதன் குட்டிகளில் ஒன்றுகூடச் செம்பழுப்பாகப் பிறந்திருக்காது, ஆனால் அதே தாயிடம் அதற்குப் பிறந்த செம்பழுப்புக் குட்டிகள் பல அவரது பட்டியலில் நிற்கின்றன. கிரீம் கிடைக்காத அந்தக் குட்டிகள் ஒவ்வொன்றும் பேர்லைச் சுமக்கின்றன. அவற்றைத்தான் அவர் "நிறச் சிறப்பு எதுவும் இல்லை" என்று எழுதி, மிகக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்.