சூப்பர்வைசர் பதவியா, ஏர்கோன் தொழிலா? நான் வைத்துப் பார்த்த சோதனை

மனைவியின் தம்பி இங்கே மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை டெக்னீஷியன். சூப்பர்வைசர் பதவி தேடி வந்திருக்கிறது, எடுத்துக்கொள்வதா, இல்லை வேலையை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போவதா என்று போன வாரம் வந்து கேட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முன்னாலும் இதே இரண்டு வழிகள்தான் இருந்தன. 11 வருஷம் தொழிற்சாலையில் ஓட்டியவன், அந்தப் பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏர்கோன் (ஏசி) பழுது பார்க்கும் வேலைக்கு வந்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

சம்பளக் கணக்கில் சூப்பர்வைசர் பதவிதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. மாதம் பிறந்தால் பணம், மருத்துவ வசதி, சம்பளம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை என்றால் முதலாளி பங்காக 13 விழுக்காடு சேமநிதி. சொந்தத் தொழிலில் அந்த 13-ஐப் போட ஆள் கிடையாது, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் என்ற சேமநிதித் திட்டத்தில் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: நாமாக வேலையை விட்டால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதிப் பணம் வராது, ஆட்குறைப்பு போன்ற காரணத்தால் வேலை இழந்தவர்களுக்குத்தான் அது. ஆகவே ஆறு மாதச் செலவுக்காவது கையில் பணம் இல்லாமல் யாரும் இறங்காதீர்கள். சரி, இதெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு: நான் ஏன் போக நினைக்கிறேன் என்பது.

எங்கள் வீட்டில் தொழிற்சாலை வேலைக்குத் தனி மரியாதை உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் திறந்தது இங்கே பினாங்கில்தான். அதையொட்டி வந்த தொழிற்சாலைகளில் ஒன்றுக்கு எழுபதுகளின் கடைசியில் விடியற்காலை பஸ் ஏறிப் போனவர் என் அம்மா. அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் நான்கு பேரும் படித்தோம். அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நானும் டெக்னீஷியன் ஆனேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, ஆனால் அது அம்மாவின் ஆசை, முப்பது வயதுக்கு மேல் ராத்திரி ஷிஃப்டில் மூன்று மணிக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க அது எனக்குப் போதவில்லை.

முதலில் எனக்கு இருந்த காரணம் வெறுப்பு மட்டும்தான். ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம், மேலாளர் முகத்தில் முழிக்க வேண்டாம், அவ்வளவுதான். விட்டு ஓடுகிற காரணம் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிற நாள்வரை நன்றாகவே இழுக்கும், அடுத்த திங்கட்கிழமை எழுந்து உட்கார்ந்தால் அது இருக்காது. அப்போதே விட்டிருந்தால் மூன்று மாதத்தில் வேறொரு தொழிற்சாலை வாசலில்தான் நின்றிருப்பேன்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகச் சுருக்கினேன்: எந்த வேலையின் பிடிக்காத பாதியை என்னால் தாங்க முடியும்? பிடித்த பாதி எல்லா வேலையிலும் இனிக்கத்தான் செய்யும். பதவி, பெயர், சொந்தக் கடைக்குப் பலகை, அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துவிடுவோம். பிடிக்காத பாதி தினமும் வரும், பத்து வருஷம் வரும்.

அதனால் இரண்டையும் செய்து பார்த்தேன். ஒரு சூப்பர்வைசர் பிரசவ விடுப்பில் போனபோது மூன்று மாதம் அவர் இடத்தில் நின்றேன். அந்த வேலையின் பிடிக்காத பாதி, விடிகாலை ஆறு மணிக்கு "இன்னிக்கு வர முடியாது அண்ணே" என்று வரும் அழைப்பு, அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கெஞ்சி வரவழைப்பது, ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலைக் கூட்டத்தில் எண்கள் ஏன் குறைந்தன என்று விளக்குவது. அதை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள்கூட அதைப் பற்றி நானாக யோசித்ததில்லை, மறக்கத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெலுத்தோங்கில் ஏர்கோன் பழுது பார்க்கும் ஓர் அண்ணனோடு ஆறு மாதம் கையாளாகப் போனேன். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு, கட்டில் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வடிகுழாயைக் கழற்றி ஊதினால், கஞ்சி மாதிரி கொழகொழவென்று அழுக்கு என் சட்டை முழுக்க. அந்த நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை. ஆனால் வெளியே குழாய் நுனியில் தண்ணீர் சீராக விழும் சத்தம் கேட்டதும், அடுத்த வீட்டுக்கு எப்போது போவோம் என்று இருந்தது எனக்கு. புதுக் குழாய் போட்டால் கேஸ் விடுவதற்கு முன் வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், ஈரம் தங்கினால் கம்பிரசருக்குக் கேடு. பம்பை நிறுத்தியபின் அழுத்தமானியின் முள் மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏறினால் எங்கோ கசிகிறது. சலிப்பான வேலைதான், எனக்கு அது சலிக்கவில்லை. வீட்டுக்குப் போயும் செம்புக் குழாய் நுனியில் பிசிறு விட்டுவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லாமல் மனம் அங்கே போனதுதான் எனக்கு விடை.

ஒரு பயம் மட்டும் இருந்தது. 1971-இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். காசு வாங்கிக்கொண்டு விளையாடியவர்கள், காசு நின்றபின் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. பிழைப்பாக்கினால் ஆசை போய்விடுமா? என் அனுபவத்தில் கொஞ்சம் போனது உண்மை. சொந்தக்காரர் வீட்டு ஏர்கோனை முன்போல ஆசையாகத் திறப்பதில்லை. ஆனால் வேலை நேரத்தில் அந்தப் பிடிப்பு அப்படியே இருக்கிறது.

மூன்று வருஷம்தான் ஆகிறது, அதையும் சொல்ல வேண்டும். 50 வயதில் ஏணி ஏறும்போது முழங்கால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. கைகொடுத்து வேலை வாங்கத் தெரிந்தவர்களுக்கு, ஆட்களோடு பழகுவதில் சுகம் காண்பவர்களுக்கு, சூப்பர்வைசர் பதவிதான் சரியான இடமாக இருக்கலாம். என் மச்சான் அந்த ரகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம், கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆட்களை நிறுத்துவது எப்போதும் அவன்தான். அதனால் ஒன்றும் சொல்லாமல், பதவிக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் தவணை கேட்கச் சொன்னேன். இந்த ஞாயிறு கெளுகோரில் இரண்டு வீடு இருக்கிறது, எட்டு மணிக்கு வருகிறான். பழைய சட்டை போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.