பழைய காருக்கு ரீட் ஸ்விட்ச் டேங்க் யூனிட்: வாங்கலாமா, வேண்டாமா?

அம்பாசிடர் தயாரிப்பு நின்றது 2014-ல். பத்மினி அதற்குப் பல வருடம் முன்பே நின்றுவிட்டது. இந்த வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல் முள் தீராத தொல்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் டேங்க் யூனிட் (டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளந்து மீட்டருக்குச் சொல்லும் பாகம்) கிடைத்தாலும் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். புதுப்பேட்டையில் கிடைப்பதோ வேறொரு வண்டியில் ஓடித் தேய்ந்தது. அதனால் படகுக்கும் ஜெனரேட்டருக்கும் விற்கிற ரீட் ஸ்விட்ச் யூனிட்டை வாங்கிக் காரில் போடும் வழக்கம் வந்திருக்கிறது. பொருள் நல்லது. ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பழுது வேறு இடத்தில் இருக்கும்போது இதை வாங்கினால் காசுதான் வீண்.

பழைய யூனிட்டில் ஒரு கை, அதன் நுனியில் மிதவை, மறுமுனையில் கம்பி சுற்றிய ரெசிஸ்டன்ஸ் பட்டை. பட்டை மேல் ஒரு சின்னத் தகடு உரசிக்கொண்டே போகும். பெரும்பாலானோர் கால் டேங்குக்கும் அரை டேங்குக்கும் நடுவிலேயே வண்டியை ஓட்டுவதால் பட்டை அந்த இடத்தில்தான் முதலில் தேயும். முள் அரை அளவு வரை ஒழுங்காக இறங்கி, திடீரென்று காலிக்குப் போய், இன்னும் கொஞ்சம் பெட்ரோல் குறைந்ததும் மறுபடி மேலே வந்தால் இதுதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரீட் ஸ்விட்ச் யூனிட்டில் உரசுவதற்கே ஒன்றும் இல்லை. நேரான ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள் வரிசையாக ரீட் ஸ்விட்சுகளும் (காந்தம் அருகே வந்தால் தானே இணையும் சின்ன ஸ்விட்சுகள்) ரெசிஸ்டர்களும் அடைபட்டிருக்கும். வெளியே காந்தம் பொதித்த மிதவை குழாயைச் சுற்றி ஏறி இறங்கும். பெட்ரோல் மின்பாகங்களைத் தொடுவதே இல்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு இது பெரிய அனுகூலம்.

வாங்குமுன் மூன்று சோதனை செய்யுங்கள். டேங்க் மூடி மூடியிருக்கட்டும், யூனிட்டை இன்னும் கழற்ற வேண்டாம். முதலில் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு. யூனிட்டின் ஃபிளாஞ்ச் (டேங்கோடு ஸ்குரூ போட்டு இறுக்கும் மேல் தகடு) ஸ்குரூவிலிருந்து, பெயின்ட் சுரண்டிய பாடிக்கு ஒரு வயர் கொடுத்துவிட்டு, அதன் பிறகு சாவியைப் போடுங்கள். முள் ஏறினால் யூனிட்டில் பழுதில்லை. டேங்குக்கும் பாடிக்கும் நடுவே துரு ஏறி எர்த் விட்டுப்போயிருக்கிறது, அந்த ஒரு வயரை நிரந்தரமாக்கினால் போதும். டேங்க் யூனிட் மாற்றியும் சரியாகாத வண்டிகளில் இது அடிக்கடி தென்படும் காரணம்.

இரண்டாவது மீட்டர். சாவியை அணைத்து, யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையக் குறைய ஃபுல் பக்கம் போகும் வகை மீட்டரில் முள் காலியில் நிற்க வேண்டும். மறுபடி சாவியை அணைத்து, அந்த வயரை 33 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குக் கொடுத்துப் பாருங்கள், முள் ஃபுல் பக்கம் போக வேண்டும். பல மெக்கானிக்குகள் வயரை நேராகவே எர்த்தில் தொட்டுப் பார்ப்பார்கள். பைமெட்டல் மீட்டரில் (சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு முள்ளை நகர்த்தும் வகை) அப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சூடேற்றும் சுருள் கருகிவிடும். ரெசிஸ்டர் கிடைப்பது எளிது, மீட்டர் அப்படியல்ல. ஒவ்வொரு தடவையும் வயரைத் தொடுமுன் சாவியை அணைப்பது டேங்க் அருகே தீப்பொறி பறக்காமல் இருக்கத்தான். அதில் சோம்பல் கூடாது.

மூன்றாவது ஸ்டெபிலைசர், அதாவது மீட்டர்களுக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டினால் டேங்க் பக்கம் போகவே வேண்டாம். ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் மீட்டர் நிறுவனத்தின் வழிவந்த மீட்டர் போர்டுகளில் ஸ்டெபிலைசர் சராசரி 10 வோல்ட் கொடுக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் பேட்டரி வோல்டேஜ் முழுதாக மீட்டருக்குப் போய் இரண்டு முள்ளும் மேலே ஏறும்.

இவை மூன்றும் சரியாக இருந்தால் யூனிட்டைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை மிதவை என்றால் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஈயப் பற்றில் ஓட்டை, அது மூழ்கிக் கிடப்பதால்தான் முள் எப்போதும் காலி காட்டுகிறது. மிதவை மட்டும் மாற்றினாலே வேலை முடியும். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கப் போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு யூனிட்தான் போய்விட்டது என்று உறுதியானால் இந்தப் பொருளைப் பற்றிப் பேசலாம். முதலில் ஓம் கணக்கு. கடையில் ‘யுனிவர்சல்’ என்று ஒரே பெயரில் 240–33 ஓமும் 0–190 ஓமும் இருக்கும். முதலாவதில் காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. இரண்டாவதில் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 190. மாற்றி வாங்கினால் டேங்க் காலியாக ஆக முள் ஏறும். பழைய யூனிட்டின் கையை மேலும் கீழும் தள்ளி மல்டிமீட்டரில் இரண்டு முனை அளவையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டை அறுந்திருந்தாலும் ஏதாவது ஒரு முனையில் அளவு கிடைத்துவிடும்.

ஸ்மித்ஸ் வகை மீட்டர்கள் ஃபுல்லுக்குச் சுமார் 20 ஓமும் காலிக்குச் சுமார் 240 ஓமும் எதிர்பார்க்கும். 240–33 யூனிட் போட்டால் காலி சரியாக வரும், ஃபுல் மட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதை அப்படியே விடுவதுதான் புத்திசாலித்தனம். சிலர் 50 ஓம் ரெசிஸ்டரைப் பேரலலாகக் கொடுத்துச் ‘சரி’ செய்கிறார்கள். 33 என்பது 20 ஆகிவிடும், உண்மைதான். கூடவே 240 என்பது 41 ஆகிவிடும். டேங்க் வறண்டு கிடக்கும்போதும் முள் பாதிக்கு மேலே நின்றால் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

அடுத்தது நீளம். குழாய் நேராக நிற்பதால் டேங்கின் ஆழத்தை ஓட்டை வழியாக ஒரு மரக்குச்சி விட்டு அளந்து, அதைவிட 15 முதல் 20 மி.மீ. குறைவான நீளம் வாங்க வேண்டும். ரீட் ஸ்விட்சுகள் சாதாரணமாக 21 மி.மீ.க்கு ஒன்றாக இருக்கும். 300 மி.மீ. குழாயில் பதின்மூன்று பதினான்கு படி கிடைக்கிறது, தாராளம். ஆழம் 150 மி.மீ. மட்டும் உள்ள தட்டையான டேங்கில் ஐந்தாறு படிதான் வரும். அங்கே இந்த யூனிட் வேண்டாம். 12 மி.மீ. இடைவெளி கிடைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பழைய கை வகைதான் நல்லது. பைமெட்டல் மீட்டரின் முள் மெதுவாக நகர்வதால் படி மாறும் குதிப்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் முந்தைய, சட்டென்று ஆடும் வகை மீட்டரில் ஒவ்வொரு படியும் தெரியும்.

புதிய யூனிட்டின் ஃபிளாஞ்சில் ஐந்து துளை, ஒன்று மட்டும் வரிசை தப்பி இருக்கும். அதனால் ஒரே நிலையில்தான் பொருந்தும். பழைய காரின் துளைகளோடு இது சேராது. டேங்கில் புதிதாகத் துளை போடவே கூடாது. காலி டேங்கிலும் ஆவி இருக்கும், டிரில் பொறி போதும். பழைய ஓட்டையை மூடும் அளவுக்கு 3 மி.மீ. தகட்டில் லேத்தில் அடாப்டர் செய்துகொண்டு, யூனிட்டை அதில் உட்காரவையுங்கள். யூனிட்டோடு வரும் ரப்பர் கேஸ்கட் என்ன ரகம் என்று கேளுங்கள். எத்தனால் பெட்ரோலுக்கு வைட்டான் என்ற ரப்பர் ரகம் நல்லது. பழைய கார்க் கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி உரிந்து வரும், அதுவும் வேண்டாம். யூனிட்டிலிருந்து வருபவை இரண்டு வயர், ஒன்று மீட்டருக்கு, ஒன்று எர்த்துக்கு. மாற்றிக் கொடுத்தாலும் கெடாது. எர்த் வயரை அடாப்டர் தகட்டோடு நிறுத்தாமல் பாடி வரை கொண்டுபோங்கள்.

இந்தப் பொருளின் உண்மையான பலவீனம் காந்தம். இரும்பு டேங்கில் துரு இருந்தால் அந்தத் தூள் மிதவையின் உள்பக்கம் மீசை போல ஒட்டிக்கொள்ளும். மிதவைக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியது. கொஞ்ச நாளில் மிதவை பாதி வழியில் மாட்டிக்கொண்டு, பெட்ரோல் தீர்ந்த பிறகும் அரை டேங்க் காட்டும். டேங்கைக் கழுவாமல் இந்த யூனிட்டைப் போடவே வேண்டாம். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது அடியில் செம்மண் நிறத்தில் படிவு தெரிந்தால் முதல் செலவு டேங்குக்குத்தான்.

மாட்டியதும் பங்க்கில் ஐந்து ஐந்து லிட்டராக அளவெடுங்கள். ஒவ்வொரு தடவையும் வண்டியை பம்ப்பிலிருந்து ஒதுக்கிச் சமதரையில் நிறுத்தி, சாவியைப் போட்டு, முள் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடி குறுகி மேல் அகன்றிருந்தால் முள் பாதியில் நிற்கும்போது பெட்ரோல் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். யூனிட்டின் குறை அல்ல அது. கடைசி ரீட் ஸ்விட்ச் குழாயின் அடியிலிருந்து சற்று மேலே இருப்பதால் முள் காலி காட்டும்போதும் சில லிட்டர் மீதி இருக்கும். அடிப்படிவு கார்பரேட்டருக்குப் போகாமல் இருக்க அது நல்லதுதான்.

ஆழமான, சுத்தமான டேங்க், குறைந்த ஓம் ஃபுல் காட்டும் மீட்டர் என்றால் டூப்ளிகேட் கை வகையைவிட இதையே வாங்கலாம். முதல் ஃபுல் டேங்க் அடித்த அன்றே டிக்கியைத் திறந்து பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஐந்து ஸ்குரூவையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் கேஸ்கட் மறுபக்கம் தூக்கும்.