கர்னல் பக் வேட்டை: நிறுத்திப் பார்ப்பதா, ஓடவிட்டுப் பதிவதா?

போர்டு மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. திடீரென ஒரு டாஸ்க் தூங்கப் போய், அதன்பின் எழுவதே இல்லை. மற்ற டாஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது காத்திருக்கும் கியூவில் (செய்தி வரிசையில்) செய்தியும் இருக்கிறது. சந்தேகம் பயன்பாட்டுக் கோடிலிருந்து கர்னலுக்கு (டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் அடிப்படை மென்பொருளுக்கு) திரும்பும் இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. சிப்பின் பிழைதேடும் பின்களில் ஜேடேக் அல்லது எஸ்டபிள்யூடி டீபக்கரை மாட்டி, பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைத்து நிறுத்திப் பார்க்கலாம். இல்லையென்றால் கர்னலுக்குள் சின்ன ரிங் பஃபர் ஒன்றை (நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும் நினைவகப் பகுதியை) வைத்து, நடப்பதையெல்லாம் ராமில் பதியவிட்டுப் பிறகு படிக்கலாம். கீழே உள்ளவை கார்ட்டெக்ஸ்-எம் சிப்பையும் ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற கர்னலையும் மனதில் வைத்து எழுதியவை. நம் ஓட்டு ரிங் பஃபருக்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

யூஆர்டில் (சீரியல் இணைப்பில்) பிரின்ட்எஃப் போட்டு வரிவரியாக அனுப்புவது போட்டியிலேயே இல்லை. 115200 பாட் வேகத்தில் ஒரு பைட் போக ஏறக்குறைய 87 மைக்ரோவினாடி ஆகும். 40 எழுத்து வரி ஒன்றுக்கு 3.5 மில்லிவினாடி. கர்னலின் நேரத் துடிப்பான டிக் 1 மில்லிவினாடி என்றால், அந்த ஒரு வரி வெளியே போவதற்குள் மூன்று டிக் கடந்துவிடும். ஓடும் கட்டளைகளைச் சிப்பே வெளியே அனுப்பும் ஈடிஎம் வன்பொருள் ட்ரேஸ் நேரத்தைத் துளியும் குலைக்காது. ஆனால் அதற்குச் சிப்பில் அந்த வசதி வேண்டும், ட்ரேஸ் பின்கள் போர்டில் வெளியே வந்திருக்க வேண்டும், அதைப் பிடிக்கும் புரோபும் கையில் இருக்க வேண்டும். இருந்தால் யோசிக்காமல் பயன்படுத்தலாம்.

கருவி எதுவானாலும், கர்னலைக் குற்றம் சொல்லும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: அசர்ட் (நிபந்தனை தவறினால் உடனே நிறுத்தும் சோதனை) இயங்குகிறதா, ஸ்டாக் நிரம்பல் சோதனை 2-ஆம் முறையில் (ஸ்டாக்கின் கடைசி பைட்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது) இருக்கிறதா, கர்னல் அழைப்புகளைச் செய்யும் இன்டரப்ட்களின் (வன்பொருள் இடையீடுகளின்) முன்னுரிமை அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா. மூன்றாவதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். கார்ட்டெக்ஸ்-எம்மில் எண் குறையக் குறைய முன்னுரிமை உயரும். எல்லை 5 என்றிருக்க, 3-இல் உள்ள இன்டரப்ட் கியூவைத் தொட்டால், கர்னலின் (இன்டரப்ட்களைத் தற்காலிகமாகத் தடுத்து ஓடும்) கிரிட்டிக்கல் செக்‌ஷன் அதைத் தடுக்காது. ஓடத் தயாரான டாஸ்க்குகளின் ரெடி பட்டியல் சிதையும், பழி கர்னல் மேல் விழும்.

டீபக்கர் எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் டாஸ்க் கிளம்பும் முன்பே விழுகிற போர்ட் (சிப்புக்கேற்ற கர்னல் கோட்), ஹார்ட் ஃபால்ட் (சிபியு கடும் பிழையில் விழுவது), யாரோ ஒரு டாஸ்க்கின் டிசிபி (கர்னல் வைத்திருக்கும் டாஸ்க் விவரப் பதிவு) மேல் எழுதிவிடுவது: இவற்றுக்கெல்லாம் டீபக்கர்தான். குறிப்பாகக் கடைசிச் சிக்கலுக்கு டேட்டா வாட்ச்பாயிண்ட் (ஒரு முகவரியில் எழுதினால் நிறுத்தும் பொறி) தங்கம். எம்3, எம்4 சிப்களில் பெரும்பாலும் இதற்கான நான்கு ஒப்பான்கள் கிடைக்கும். கெட்டுப்போகும் முகவரியில் ஒன்றை வைத்தால், எழுதியவர் கையும் களவுமாகச் சிக்குவார். நிற்கிற இடம் குற்றவாளி வரியைத் தாண்டி ஓரிரு கட்டளை தள்ளியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நேரம் சார்ந்த பக்கில்தான் டீபக்கர் கைவிடுகிறது. கோரை (சிபியுவை) நிறுத்தினால் டிக் தரும் சிஸ்டிக் டைமர் நின்றுவிடும், ஆனால் மற்ற டைமர்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். யூஆர்டுக்கு வருவது வந்துகொண்டே இருந்து, படிக்க ஆளில்லாமல் தரவு தொலைந்து ஓவர்ரன் ஆகும். வாட்ச்டாக்கை (நிரல் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமரை) உறையவைக்கும் பிட்டை இயக்காவிட்டால் ரீசெட்டே ஆகிவிடும். மறுபடி ஓடவிடும்போது கர்னலின் கடிகாரம் ஒரு நேரம் சொல்லும், வெளியுலகம் வேறு நேரம் சொல்லும். அதன்பின் பார்ப்பது நீங்கள் தேடிய பக் அல்ல, நீங்கள் உண்டாக்கிய புதிய பக். ஒவ்வொரு கட்டளையாக நகர்த்துவது இன்னும் மோசம். அப்போது டீபக்கர் இன்டரப்ட்களை மறைத்தால் ரேஸ் (யார் முந்துவது என்பதைப் பொறுத்து வரும் பிழை) நிகழவே நிகழாது, மறைக்காவிட்டால் அடி வைக்கும் போதெல்லாம் டிக் ஹேண்ட்லருக்குள் போய் விழுவீர்கள். மோட்டார் ஓட்டும் போர்டில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் துடிப்பு கடைசி நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். அங்கே டிரான்சிஸ்டர் புகைவதுதான் பிரேக்பாயிண்டின் பலன்.

ரிங் பஃபர் என்ன காட்டும் என்பதற்கு மாதிரிக்கு ஒரு பதிவு. இடது எண்கள் சிபியு சைக்கிள், வேகம் 100 மெகாஹெர்ட்ஸ்:

48213060 வாசிக்கும் டாஸ்க் கியூவைப் பார்த்தது: காலி
48213074 இன்டரப்ட் உள்ளே
48213131 கியூவில் ஒன்று சேர்ந்தது, காத்திருப்போர்: 0
48213169 இன்டரப்ட் வெளியே
48213188 வாசிக்கும் டாஸ்க் காத்திருப்போர் பட்டியலில்

பக் இதோ. காலி என்று பார்த்ததற்கும் பட்டியலில் சேர்ந்ததற்கும் நடுவில், டாஸ்க்கின் கணக்கில் வெறும் 33 சைக்கிள், அதாவது 0.33 மைக்ரோவினாடி இடைவெளி. இன்டரப்ட் அதற்குள் புகுந்தது, எழுப்ப ஆளில்லை என்று போய்விட்டது, டாஸ்க் அதன்பின் தூங்கப் போனது. இந்த இடுக்கில் எத்தனை பிரேக்பாயிண்ட் வைத்தாலும் இது சிக்காது. தீர்வும் பதிவிலேயே இருக்கிறது: தூங்கும் முன், கியூவைப் பூட்டிய நிலையில் காலியா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

திருத்தியது உண்மையிலேயே தீர்ந்ததா என்று பார்க்க, அந்த இடுக்கில் வேண்டுமென்றே 20 மைக்ரோவினாடி வெற்று லூப் ஒன்றைப் போடுங்கள். பழைய கோடில் மணிக்கணக்கில் ஒருமுறை வந்த பக் இப்போது மளமளவென்று வரும். லூப்பை எடுக்காமலே திருத்தத்தைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால்தான் நம்பலாம்.

பஃபரைக் கட்டும் விதம்: ஒரு பதிவுக்கு 8 பைட். நேரத்துக்கு 4, நிகழ்வு வகைக்கு 1, டாஸ்க் எண்ணுக்கு 1, கூடுதல் தகவலுக்கு 2. 1024 பதிவுக்கு 8 கேபி ராம். நொடிக்கு 5000 நிகழ்வு என்றால் கடைசி 0.2 வினாடி கையில் இருக்கும். பார்க்கக் கொஞ்சம்தான், ஆனால் அசர்ட் விழுந்ததும் பதிவை உறையவைத்தால் அதுவே போதும். உறையவைக்க மறந்தால் ஐடில் டாஸ்க்கும் (வேலையில்லாதபோது ஓடுவது) டிக்கும் சேர்ந்து தடயத்தை அழித்துவிடும். நேரத்துக்குச் சிப்பின் பிழைதேடும் பகுதியான டிடபிள்யூடியின் சைக்கிள் கவுன்டர் ஏற்றது. 32 பிட் என்பதால் 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 43 வினாடிக்கு ஒருமுறை சுற்றிவரும். எம்0 சிப்பில் அது கிடையாது, ஓடும் டைமர் ஒன்றை ஒதுக்க வேண்டும்.

சொதப்பும் இடங்கள் மூன்று. ஒன்று, பஃபரில் இடம் பிடிக்கும் வரி. அதைக் கர்னலின் சொந்த கிரிட்டிக்கல் செக்‌ஷனால் காத்தால், எல்லைக்கு மேலுள்ள இன்டரப்ட் நுழைந்து பதிவைக் கெடுக்கும். இடையில் யாரும் நுழைந்தால் மறுபடி முயலவைக்கும் எல்டிரெக்ஸ், எஸ்டிரெக்ஸ் கட்டளை ஜோடியால் எண்ணை உயர்த்துவது நல்லது. அவை இல்லாத எம்0-இல் எல்லா இன்டரப்டையும் சில சைக்கிள் மூடுவதைத் தவிர வழியில்லை. இரண்டு, ரீசெட்டுக்குப் பின் படிக்க விரும்பினால் ஸ்டார்ட்டப் கோட் துடைக்காத பகுதியில் பஃபர் இருக்க வேண்டும். பூட்லோடர் அதே ராமைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். மூன்று, எம்7-இல் டேட்டா கேஷ் (ராமுக்குப் போகும் முன் தரவு தங்கும் இடைநினைவகம்). கடைசிப் பதிவுகள் கேஷிலேயே தங்கி ரீசெட்டில் தொலையும். கேஷ் வழியே போகாத டிடிசிஎம் ராமில் வைத்தால் அந்தத் தலைவலி இல்லை.

பதிவு செய்வதும் சில சைக்கிள்களைத் தின்னும், நேரத்தைச் சற்று நகர்த்தும் என்பது உண்மைதான். அதனால்தான் பதிவை ரிலீஸ் கோடிலும் விட்டுவைக்கச் சொல்கிறோம். சோதித்த நேர ஓட்டமும் களத்தில் ஓடுவதும் ஒன்றாகவே இருக்கும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் அடிக்கடி ரீசெட் ஆனபோது, பூமியிலிருந்த நகலில் ட்ரேஸை ஓடவிட்டுத்தான் காரணத்தைப் பிடித்தார்கள். தாழ்ந்த முன்னுரிமை வானிலை டாஸ்க் பிடித்திருந்த மியூட்டெக்ஸுக்காக (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டுக்காக) உயர்ந்த முன்னுரிமை பஸ் டாஸ்க் காத்துக் கிடந்தது, நடுத்தர டாஸ்க்குகள் இடையில் ஓடின. அதில் ஓடிய கர்னலான விஎக்ஸ்வொர்க்ஸில் அந்த மியூட்டெக்ஸுக்கு முன்னுரிமை மரபேற்றத்தை (காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டைப் பிடித்திருப்பவருக்குத் தருவதை) இயக்கியதும் சரியானது. செவ்வாயில் யார் போய் ஜேடேக் மாட்டுவது?

இரண்டு கோர்களில் ஓடும் கர்னலுக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்த வேண்டாம். சைக்கிள் கவுன்டர் கோருக்கு ஒன்று, இரண்டும் ஒரே எண்ணில் தொடங்குவதில்லை. மேலே உள்ளதுபோல 14 சைக்கிள் வித்தியாசத்தை வைத்து எது முந்தியது என்று அங்கே சொல்ல முடியாது. இரு கோர்களும் படிக்கும் பொது டைமரோ, பொது வரிசை எண்ணோ வேண்டும். அந்தப் பொது எண்ணுக்கு இரு கோர்களும் முட்டிக்கொள்வதே நேரத்தைக் குலைக்கும் என்பதால், ஈடிஎம் இருக்கிற சிப்பைத் தேர்ந்தெடுக்க அங்கே நியாயம் அதிகம்.