எங்கள் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த கன்சல்டன்சி: 5க்கு இரண்டரை

கல் குவாரியை விரிவாக்க சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று ஒரு கன்சல்டன்சியிடம் கொடுத்தோம். பெயர் வேண்டாம். நானூறு சொச்சம் பக்கம் வந்தது, முழுசாகப் படித்த ஒரே ஆள் அநேகமாக நான்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். களப்பணி பிரமாதம். வந்த இரண்டு பையன்களும் தூசி அளக்கும் கருவியை ஆபீஸ் மொட்டைமாடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தத் திசையில் இருக்கும் வீட்டை ஒட்டி வைத்தார்கள். கிணறு கிணறாகப் போய்க் கயிறு விட்டு நீர்மட்டம் பார்த்தார்கள்.

ஆனால் எல்லாம் வெயில் காலத்தில் மட்டும். மழைக்காலத்தில் குழியிலிருந்து இறைக்கும் கலங்கல் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி, அதற்கு இரண்டே வரி. செடிகொடிப் பட்டியலுக்கோ அறுபது பக்கம். எதை ஆழமாகப் பார்ப்பது, எதை விடுவது என்று ஆரம்பத்திலேயே உட்கார்ந்து முடிவு செய்வதற்குப் பேர்தான் ஸ்கோப்பிங். அது நடந்த மாதிரியே தெரியவில்லை. போதாக்குறைக்கு ஒரு பத்தியில் கடல் ஓதம் பற்றி வருகிறது! கடல் எங்கே, நாங்கள் எங்கே. வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது மாற்று வழிகள் பகுதியில். 'மாற்று இடங்கள் பரிசீலிக்கப்பட்டன, பொருத்தமில்லை', அவ்வளவுதான். எந்த இடம், ஏன் பொருந்தாது? இந்த மதிப்பீட்டுக்கெல்லாம் முன்னோடியான அமெரிக்கச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தானது, அதிலேயே மாற்று வழிகளை எழுதிக் காட்டு என்று இருக்கிறது. திட்டமே வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் அது மதிப்பீடு. சரி, எங்கள் மேலும் தப்பு உண்டு, நிலத்தை வாங்கிய பிறகுதான் இவர்களைக் கூப்பிட்டோம்.

பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு குவாரி ஓடுகிறது. எங்கள் தூசியை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டு 'வரம்புக்குள் உள்ளது' என்று முடித்துவிட்டார்கள். மூச்சு விடுகிறவருக்கு எது யாருடைய தூசி என்று தெரியுமா? மூன்றையும் கூட்டித்தானே பார்க்க வேண்டும். தீர்வு என்று பார்த்தால் நேராக மரம் நடுவதற்குப் போய்விட்டார்கள். முதலில் பாதிப்பைத் தவிர்க்க முடியுமா, முடியாவிட்டால் குறைக்க முடியுமா, அப்புறம் சீர்செய்வது, ஈடுகட்டுவது கடைசி. கிரஷரைப் பாறைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாலே பாதித் தொல்லை போகும் என்று எங்கள் மேஸ்திரியே சொல்கிறார், அறிக்கையில் அந்தப் பேச்சே இல்லை.

கருத்துக்கேட்பில் ஒரு பாட்டி, வெடி வைத்தால் என் வீட்டுச் சுவர் தாங்குமா என்று கேட்டார். அறிக்கையில் 'கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று இருக்கிறது. அதிர்வு எவ்வளவு இருக்கும், எத்தனை மணிக்கு வெடிப்போம், விரிசல் விட்டால் யாரிடம் போவது, ஒன்றுக்கும் பதில் இல்லை.

திருப்பி அனுப்பினோம். திருத்திய பதிப்பில் கடல் ஓதம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. மழைக்கால அளவீட்டுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். கொடுப்போம், ஆனால் அந்த இரண்டு பையன்களையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.